எல்லோருக்கும் ஒரே பதில்

“இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள இந்த கேஸ் ஊத்திக்கும், பாரு!” என்று அக்காவிடம் சவால் விட்டுவிட்டு, கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னவள் படியிறங்கினாளே, அங்கேதான் போன வாரம் அவர்களை விட்டுவிட்டு வந்தோம்.

வழக்கு என்னவென்று மறந்துபோனவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் அடிபட்டு ஓடிவரும் பெண்களுக்கு ஒதுங்க இடம் கொடுக்கிற அமைப்பு பெரியவளுடையது. அதன் மேல் ஒரு கணவன் வழக்குப் போட்டிருக்கிறான். ‘என் மனைவியையும் குழந்தையையும் இவர்கள் அடைத்து வைத்திருக்கிறார்கள், மீட்டுத் தாருங்கள்’ என்று. மனைவிக்கு இடது காது கேட்காமல் போனது எப்படி என்று மட்டும் அவன் மனுவில் எழுதவில்லை. மறந்துவிட்டான் போலிருக்கிறது.

அந்த மனைவிக்கு இங்கே பெயர் பட்டன். இந்த அமைப்பில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. அலுவலகத்துக்கு அவள் வந்து சேர்ந்த அன்று, தண்ணீர் கொடுத்த பெரியவளின் அப்பா சட்டையில் ஒரு பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வீங்கிய கையோடு அவள் ஊசி நூல் கேட்டு வாங்கி அதைத் தைத்துக் கொடுத்தாள். மேசை டிராயரில் நீல நூல்தான் இருந்தது. வெள்ளைச் சட்டையில் இன்றும் அந்த ஒரு பட்டன் மட்டும் நீல நூலில் நிற்கிறது.

பட்டன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கொஞ்ச நாளைக்கு அவரை நான் பார்க்கக் கூடாது. பார்த்தா எனக்கு வாய் அடைச்சுடும். ‘வா’ன்னு சொன்னா பின்னாடியே போயிடுவேன்.” இதற்கு முன் வீட்டைவிட்டு வந்தபோதெல்லாம் அப்படித்தான் திரும்பிப் போயிருக்கிறாள். பெரியவள் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

இனி இன்றைய நாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில் அலுவலகம். பெண்கள் தங்குகிற வீடு வேறு எங்கோ இருக்கிறது. அந்த விலாசம் தெரிந்தவர்கள் சிலர்தான். ஆண்கள் யாரும் அங்கே போனதில்லை, பெரியவளின் அப்பா உட்பட. அவருடைய ராஜ்யம் இந்த மாடியும், ஒரு நாற்காலியும், ஒரு தொலைபேசியும்தான்.

அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வருகிற பெண்களின் சொந்தப் பெயரை ஏட்டில் குறித்துக்கொள்வது அவர்தான்; அவர்களுக்கு அவர் ‘சார்’. வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் முதுகை நிமிர்த்தி அவர் உட்காருகிற தோரணையே அதைச் சொல்லிவிடும்.

பெரியவள் காலையிலிருந்து காவல் நிலையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தங்கும் வீட்டுப் பக்கம் ரோந்து வரச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை.

“ஐயா வெளிய போயிருக்கார்மா.”

“நேத்தும் அதையேதானே சொன்னீங்க?”

“நேத்தும் வெளியதான் போயிருந்தார்.”

“சரி, அவர் உள்ள வர்ற நாள் எதுன்னு சொல்லுங்க, அன்னிக்குக் கூப்பிடறேன்.”

லைன் கட்டாகிவிட்டது. கைபேசியை மேசை மேல் எறியப் போனவள், புதிது வாங்கப் போவது தான்தான் என்று நினைவு வந்து மெதுவாக வைத்தாள்.

பக்கத்தில் அப்பாவின் தொலைபேசி மணியடித்தது. யாரோ அழுதுகொண்டே ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்.

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லம்மா,” என்றார் அப்பா கனிவாக. “சொந்தக்காரங்க வீட்ல எல்லாம் கேட்டுப் பாருங்க. மனசை விட்டுடாதீங்க.”

பெரியவள் காதில் அது விழுந்தது. ஆனால் அவள் மறுபடி காவல் நிலையத்துக்கு எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். நம் வீட்டு மின்விசிறிச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை அல்லவா, அப்படி.

நீதிமன்றத்தில் சின்னவள் நல்ல தெம்பாகத்தான் எழுந்து நின்றாள்.

“மேடம், யார் எங்ககிட்ட இருக்காங்க, யார் இல்லைங்கறதை நாங்க யாருக்கும் சொல்றதில்லை. அதை நம்பித்தான் பெண்கள் வர்றாங்க. மனுதாரரோட மனைவி எங்ககிட்டதான் இருக்காங்கன்றதுக்கு அவர்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு? வெறும் சந்தேகத்துக்கெல்லாம் நாங்க பதில் சொல்லிட்டிருக்க முடியுமா?”

நீதிபதி அம்மாள் எதிர்ப்பக்கம் திரும்பினார். எதிர்த்தரப்பு வக்கீல் அவசரமே படவில்லை. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு பொத்தானைத் தொட்டார்.

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லம்மா. தெரிஞ்சவங்ககிட்ட எல்லாம் விசாரிச்சுப் பாருங்க.”

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் குரல்! சின்ன வயதில் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த அதே குரல், நீதிமன்றம் முழுக்கக் கேட்கிறது.

“இது மனுதாரரோட தங்கச்சி வேற வேற நாள்ல போன் பண்ணிக் கேட்டது, மேடம். வாய்க்கு வந்த ஒரு பேரைக் கேட்டாங்க. ‘இல்லை’ன்னு பதில். வேற ஒரு பேர் கேட்டாங்க. அதுக்கும் ‘இல்லை.’ அடுத்ததுக்கும் ‘இல்லை.’ கடைசியா மனுதாரரோட மனைவி பேரைக் கேட்டாங்க. இதையும் கேளுங்க.”

அப்பாவின் குரல் இப்போது விறைப்பாக வந்தது. “யாரைப் பத்தியும் நாங்க வெளிய சொல்றதில்லை.”

“அவ்வளவுதான் மேடம்,” என்று வக்கீல் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். “இல்லாதவங்களுக்கெல்லாம் ‘இல்லை.’ இந்த ஒரு பேருக்கு மட்டும் ‘சொல்ல மாட்டோம்.’ இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மனுதாரன் சிரிக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில், கைகட்டி, தலைகுனிந்து நின்றான். பார்க்கிறவர்களுக்கு ‘ஐயோ பாவம்’ என்றுதான் தோன்றும். அடிக்கிறவனுக்கு நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கும்?

சின்னவள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவகாசம் கேட்டாள். வேண்டுமானால் அந்தப் பெண் எழுத்தில் தரட்டும் என்றாள். நீதிபதி அம்மாள் களைப்பாகக் கையை உயர்த்தினார்.

“வயசு வந்த பொண்ணு. நாளைக்கு நேர்ல வந்து, நான் இஷ்டப்பட்டுத்தான் அங்க இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதோட முடிஞ்சது. இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

என்ன கஷ்டம்! அந்த ஒரு வார்த்தைதான் கஷ்டம். அவனை எதிரில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்கு வாய் வராது என்பதைச் சின்னவள் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் சொல்வாள்?

மாடிப்படியைச் சின்னவள் எப்படி ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் மேசை முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, போன்ல ஒருத்தர் பேர் சொல்லிக் கேட்டா என்ன சொல்வீங்க?”

“என்னம்மா, வந்ததும் வராததுமா பரீட்சை வைக்கற? யாரைப் பத்தியும் சொல்றதில்லைன்னு சொல்வேன்.”

“எல்லாருக்கும் அதேதானா?”

“இருக்கறவங்களைக் கேட்டா அதான்.”

“இல்லாதவங்களைக் கேட்டா?”

“இல்லைன்னு சொல்வேன்,” என்றார் அப்பா. இதிலென்ன சந்தேகம் என்பது போல மகளைப் பார்த்தார். “பாவம்மா, பெத்தவங்க, கூடப் பிறந்தவங்க பதறிட்டுக் கேக்கறாங்க. இங்க இல்லைன்னு தெரிஞ்சா வேற இடத்துலயாவது தேடுவாங்கல்ல? இருக்கறவங்களைப் பத்தித்தானே ரகசியம்? இல்லாதவங்களைப் பத்தி என்ன ரகசியம்?”

பெரியவள் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி வெளியே சிந்தியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கட்டிக்காத்த மதிலில் ஓட்டை எங்கே என்று தங்கை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எல்லாருக்கும் ஒரே பதில்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேப்பா! எதுக்குன்னு நினைச்சீங்க? எனக்கு வேற வேலை இல்லாமலா?”

நடந்ததைச் சின்னவள் சொல்லி முடித்தாள். அப்பாவின் நிமிர்ந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. சொல்லச் சொல்ல, அவர் விரல் சட்டையில் அந்த நீல நூலைத் தடவிக்கொண்டிருந்தது.

“நான் பொய் ஒண்ணும் சொல்லலையேம்மா…”

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது பெரியவளுக்கு.

“ஆமாம்பா. அன்னிக்கும் நீங்க பொய் சொல்லலை.”

கீழே கடையில் யாரோ கண்ணாடி மாட்டிப் பார்த்து ‘எல்லாம் மங்கலா தெரியுது’ என்று புகார் சொல்வது மாடிவரை கேட்டது.

எந்த நாளைச் சொல்கிறாள் என்று மூன்று பேருக்கும் தெரியும். பெரியவள் உதடு கிழிந்து தாய்வீட்டுக்கு ஓடிவந்த நாள். உள்ளறையில் ஒளிந்துகொண்டு, ‘நான் இங்க வரலைன்னு சொல்லிடுங்கப்பா’ என்று கெஞ்சினாள். வாசலில் மருமகன் வந்து, ‘மாமா, அவ இங்க இருக்காளா?’ என்று கேட்டபோது, அப்பா ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு, ‘உள்ளதான் இருக்கா’ என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவள் கணவன் வீட்டைவிட்டு மறுபடி வெளியே வர வருஷங்கள் ஆயின.

“அக்கா, போதும்,” என்றாள் சின்னவள். “இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? கோவத்துல ஒண்ணை மறந்துட்ட. போன் எடுக்கறவருக்கு உள்ள யார் இருக்காங்கன்னே தெரியக் கூடாது. தெரியாதவரால எப்படிக் காட்டிக் கொடுக்க முடியும்? பேர் எழுதிக்கறவரையே போன்லயும் உக்கார வெச்சது நீதானே?”

“நான்தான்.”

“ஏன்?”

பெரியவள் சிந்திய தேநீரைப் பழைய செய்தித்தாளால் துடைத்தாள். பிறகு அப்பாவைப் பார்க்காமலே சொன்னாள்.

“தினம் தினம் அவர் கேக்கணும்னுதான். ‘அவ அங்க இருக்காளா, இருக்காளா’ன்னு ஒவ்வொருத்தனும் கேக்கறதை அவர் காதால கேக்கணும். ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். எனக்காக ஒரு தடவை மூடாத வாய்.”

இவ்வளவு வருஷமாக அவள் மனசில் போட்டுப் பூட்டி வைத்திருந்தது இது. சொல்லிவிட்டதில் நிம்மதி வருமென்று நினைத்தாள். வரவில்லை. எரிச்சல்தான் இன்னும் கூடியது. அப்பா மேல், தன் மேல், அந்த இஸ்திரி போட்ட சட்டை மேல்.

உடனே பட்டனைப் பார்க்கக் கிளம்பினாள். சின்னவள் ஜன்னலோரம் நின்று கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எதிர்க்கடை வாசல்ல பைக்ல உக்காந்திருக்கான் பாரு, நீலச் சட்டை. கோர்ட்ல பட்டன் புருஷன் பக்கத்துல நின்னவன். நம்மள்ல யாராவது கிளம்பினா பின்னாடியே வருவான். வீட்டு வாசல்வரைக்கும் நாமளே கூட்டிட்டுப் போய் விட்ட மாதிரி ஆயிடும்.”

ஆக, ஒரு பெண்ணிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கக்கூட முடியவில்லை. பெரியவள் காவல் நிலையத்தைக் கூப்பிட்டாள். ஐயா வெளியே போயிருந்தார்.

கடைசியில், தங்கும் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாளுக்குப் பேசி, பட்டனிடம் கைபேசியைக் கொடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

மழுப்பாமல் சொன்னாள். யார் பேசியது, என்ன பேசியது, நாளைக்கு என்ன நடக்க வேண்டும் என்பதுவரை.

மறுமுனையில் ஒரு குழந்தை எதையோ தட்டித் தட்டி விளையாடும் சத்தம் மட்டும் வந்தது.

“அப்ப நாளைக்கு நான் அவரைப் பார்த்தே ஆகணுமாக்கா?”

“ஆமா.”

“நீங்க வாக்குக் கொடுத்தீங்களே.”

“கொடுத்தேன்,” என்றாள் பெரியவள். எத்தனையோ பெண்களுக்குத் தைரியம் சொன்ன வாய் அது.

“இதுக்கு நான் அங்கயே இருந்திருக்கலாம்,” என்றாள் பட்டன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்க முடியவில்லை.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, மேசைமேல் குனிந்தார். “அம்மா, நான்தான்… சார் பேசறேன். தப்பு என்னுதுதான்மா. என் பொண்ணு மேல இல்லை.”

“சார், வலது காதுல வெச்சுக்கறேன், இருங்க.” கைபேசி மாறுகிற சத்தம். “நீங்கதானா பேசினது?”

“நான்தான்.”

“உங்களுக்குப் பொய் வராது சார். வந்த அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு. ‘காது சரியாயிடுமா’ன்னு கேட்டேன். எல்லாரும் ‘ஆயிடும் ஆயிடும்’னாங்க. நீங்க மட்டும்தான் ‘தெரியலையேம்மா’ன்னீங்க.”

அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார்.

“நான் எப்படி வந்தேன்னு நீங்க பார்த்தீங்கல்ல சார்? என் கை, காதுல ரத்தம், பாப்பா காலுல ஒத்தச் செருப்பு. நாளைக்கு வந்து அதைச் சொல்வீங்களா? நான் வருவேனா, வந்தாலும் பேசுவேனான்னு எனக்கே தெரியலை. என் வாய் அடைச்சுடுச்சுன்னா நீங்க சொல்லுங்க. நீங்க உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளுன்னு அவங்க வக்கீலே எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டாரே.”

சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். நீதிமன்றத்திலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் வக்கீல் களை வந்தது. “அக்கா, இவங்க சொல்றது சரி! அந்தப் பதிவை அவங்களே தாக்கல் பண்ணிட்டாங்க. இப்ப போய் அப்பாவைப் பொய் சொல்றவர்னு அவங்களால சொல்லவே முடியாது.”

“வருவேன்மா,” என்றார் அப்பா. “கண்டிப்பா வந்து சொல்றேன்.”

லைன் கட்டானது. தான் வருவதாகப் பட்டன் சொல்லவே இல்லை என்பதைப் பெரியவள் மட்டும் கவனித்தாள்.

“சந்தோஷம்பா,” என்றாள் அவள். “ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் சாட்சி சொல்லப் போறீங்க. என் கேஸ் நடந்தப்ப நான் எத்தனை தடவை கூப்பிட்டேன்? ‘குடும்ப மானம்’னு சொல்லிட்டு ஒரு நாள்கூடக் கோர்ட் படி ஏறலையே நீங்க. என் உதட்டையும்தானே பார்த்தீங்க? அது உண்மை இல்லையா?”

அப்பா மேசையில் கிடந்த, தேநீர்க் கறை படிந்த செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“விடு அக்கா,” என்று சொல்லிவிட்டு, சின்னவள் நாளைய வேலைக்காகச் சீனியரைப் பார்க்கக் கிளம்பினாள். போகிற போக்கில் பைக் ஆசாமிக்கு நேராகப் போய் மணி என்ன என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளால் முடிந்தது அன்றைக்கு அவ்வளவுதான்.

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக மேசை மேல் விழுந்தது. அப்பாவும் பெரியவளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் தொலைபேசி மணியடித்தது.

அப்பாவின் கை பழக்கத்தில் நீண்டு, பாதியில் நின்றது. மகளைப் பார்த்தார்.

“எடுங்க,” என்றாள் பெரியவள். “நாளையிலேர்ந்து வேற ஆள் உக்காரட்டும். இதை மட்டும் நீங்க எடுங்க. நான் கேக்கறேன்.”

அவர் எடுத்தார்.

“மாமா, நான்தான் பேசறேன்.”

கேட்டு எத்தனையோ வருஷமான குரல். அப்பா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“குரல் ஞாபகம் இருக்கா? உங்க பெரிய பொண்ணு அங்க இருக்காளா?”

பெரியவள் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டின் ஓரத்தில் அந்தப் பழைய தழும்பு வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

“யார் இருக்காங்க, யார் இல்லைன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்லை,” என்றார் அப்பா. குரல் நடுங்கவில்லை.

“நீங்களா மாமா இப்படிப் பேசறது!” மறுமுனை சிரித்தது. “சரி, ஒரு சேதி மட்டும் சொல்லிடுங்க. அந்த அமைப்பை நடத்தறவ எப்படிப்பட்டவன்னு கோர்ட்ல வந்து சொல்லச் சொல்லி ஒரு வக்கீல் என்னைக் கூப்பிட்டிருக்கார். நாளைக்கு நானும் வர்றேன்.”

லைன் கட்டானது. அப்பா ரிசீவரைப் பத்திரமாக, சத்தம் வராமல் வைத்தார்.

“இதைத்தான்பா,” என்றாள் பெரியவள். அன்று முழுக்க இல்லாத ஒரு இளக்கம் அவள் குரலில் இருந்தது. “இதைத்தான் இத்தனை நாளா சொல்லச் சொன்னேன். யாரு போன்ல? யாரைக் கேட்டாங்க?”

அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். விரல் சட்டையில் நீல நூலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“ராங் நம்பர்மா,” என்றார்.